போர்வை ஈவோம், பொருந்த ஈவோம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். பழனி மலைப் பகுதியை ஆண்ட அவன், கார்காலத்தில் மலைச்சாரலில் மயில் ஒன்று அகவக் கேட்டு, அது குளிரால் வருந்துகின்றது என்றெண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது நாம் அறிந்த செய்தியாகும். மயில் போர்வையை உடுத்துமா என்று அவன் ஆராய்ந்து நிற்கவில்லை. அவனது ஈர நெஞ்சத்தைத் தமிழுலகம் இன்றளவும் போற்றுகின்றது.

ஆயினும் மயிலுக்கு ஈயும்போது ஆராயாது ஈயலாம். மனிதருக்கு ஈயும்போது ஆராய்ந்தே ஈதல் வேண்டும். மயிலுக்குக் குளிரைத் தாங்க இறகு உண்டு. வீடிழந்த மனிதருக்கோ நாம் தரும் உடையன்றி வேறில்லை. இயற்கைப் பேரிடரில் சிக்கித் தவிப்போருக்குக் குளிர்கால உடை திரட்டும் பணியை எவ்வாறு செய்தால் அது மெய்யாகவே உதவியாகும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குளிர் உயிரைக் கொல்லுமா?

நாம் வெப்ப நாட்டில் வாழ்கின்றோம். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்வோர் உணரும் குளிரும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரவில் வீசும் குளிருமே நமக்குத் தெரிந்த குளிர். கேமரன் மலையில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலே நாம் கம்பளிச் சட்டையைத் தேடுகின்றோம். தண்ணீர் உறைந்து கட்டியாகும் 0 டிகிரிக்கும் கீழே, கூரையில்லாத வெளியில், இரவு முழுவதும் நிற்பவரின் நிலை என்னவாகும்?

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் தளரத் தொடங்கும். முதலில் நடுக்கம் காணும், பின்னர்ப் பேச்சுக் குழறும், அறிவு மயங்கும், இறுதியில் இதயத்தின் இயக்கமே நின்றுவிடக்கூடும். சிறு குழந்தைகளும் முதியோரும் பெரியவர்களைக் காட்டிலும் விரைவில் உடற்சூட்டை இழப்பர். ஆகவே பேரிடரில் உயிர் பிழைத்தவர், அடுத்து வரும் குளிரிலும் பிழைத்தாக வேண்டும்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடபகுதியையும் தாக்கிய நிலநடுக்கம் இதற்குச் சான்றாகும். அதிகாலை 4.17 மணிக்கு 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவில் மற்றோர் அதிர்வு ஏற்பட்டது. இரு நாடுகளிலும் 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் இரவு உடையுடனும் வெறுங்காலுடனும் தெருவுக்கு ஓடிவந்தனர். அது கடுங்குளிர் காலம். பல ஊர்களில் பனி பெய்துகொண்டிருந்தது. எஞ்சி நின்ற வீடுகளும் எந்நேரமும் இடிந்து விழலாம் என்னும் அச்சத்தால், மக்கள் உள்ளே சென்று ஒரு சட்டையைக்கூட எடுத்துவர இயலவில்லை. நம் மலேசியாவின் ‘ஸ்மார்ட்’ மீட்புக் குழுவினரும் அங்குச் சென்று மீட்புப் பணியில் ஈடுபட்டனர். கூடாரம், கம்பளி, கனத்த மேற்சட்டை, காலுறை ஆகியவையே உணவுக்கு இணையாக அங்கு வேண்டப்பட்டன.

கம்பளி காக்கும் விதம்

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலில் உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதே அதன் வேலை. கம்பளி இழைகளுக்கு இடையே காற்று சிறைப்பட்டுக் கிடக்கின்றது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே கனத்த சட்டை ஒன்றை அணிவதைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது பல வேளைகளில் நன்மை தரும். உடைகளுக்கு இடையிலும் காற்று தங்குகின்றது அன்றோ?

துணி நனைந்துவிட்டால் காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த பருத்திச் சட்டை உடலின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றிவிடும். ஆட்டு மயிராலான கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள மூன்று போத்தல்களில் வெதுவெதுப்பான நீரை ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் நிரப்புங்கள். ஒன்றை உலர்ந்த கம்பளியாலும், மற்றொன்றை நனைந்த பருத்தித் துணியாலும் சுற்றுங்கள். மூன்றாவதை அப்படியே விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து மூன்றையும் தொட்டுப் பாருங்கள். குளிர் நாட்டு மக்களுக்கு எதை அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.

குவிந்து கிடந்த துணிகள்

கொடுப்பவர் மனம் நல்லதாயினும், கொடுத்த பொருள் பயன்படாது போவதுண்டு. 1993ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானின் ஒக்குஷிரித் தீவை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. அச்சிறிய தீவுக்கு ஏறத்தாழ 5,000 டன் உதவிப் பொருள்கள் வந்து குவிந்தன. அவற்றை வைப்பதற்கென்றே கிடங்கு கட்ட வேண்டியதாயிற்று. முடிவில், பழைய உடைகள் உட்பட ஏறத்தாழ 1,200 டன் பொருள்கள் பயனின்றி எரிக்கப்பட்டன.

1998ஆம் ஆண்டு ‘மிட்ச்’ என்னும் புயல் மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ் நாட்டை அழித்தது. நம் நாட்டைப் போன்ற அவ்வெப்ப நாட்டிற்குக் குளிர்கால மேற்சட்டைகளை அனுப்பியவர்களும் இருந்தனர். விமானத் தளத்தில் துணிகள் குவிந்து கிடந்தமையால், உதவிப் பொருள் ஏற்றிவந்த விமானம் ஒன்று இறங்க இயலாது போயிற்று.

நம் முன்னோர் மண்ணாகிய தமிழ்நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், நாகப்பட்டினம் மாவட்டத்தில் லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்திறங்கின. கிழிந்தவையும் அழுக்கேறியவையும் அவற்றுள் மிகுந்திருந்தன. கடலோடி உழைத்து, தம் சொந்த உழைப்பில் உடுத்தி வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொட மனமின்றி ஒதுங்கினர். துணிகள் சாலையோரங்களில் மழையிலும் வெயிலிலும் கிடந்து வீணாயின. 1999இல் டில்லியில் தொடங்கப்பெற்ற ‘கூன்ஜ்’ என்னும் தொண்டு நிறுவனம், இவ்வாறு எஞ்சிய துணிகளைச் சென்னையில் தரம் பிரித்துச் சீர்செய்து மீண்டும் பயனுக்குக் கொண்டுவந்தது. கிழிந்தவற்றைக்கூடப் பாய்களாகவும் பைகளாகவும் மாற்றும் வழியை அந்நிறுவனம் காட்டியது.

அனைத்தையும் இழந்தவர் தம் மானத்தையும் இழந்துவிடவில்லை. நாம் உடுத்த நாணும் உடையை அவருக்கு அனுப்புதல் ஈகை ஆகாது. அது நம் வீட்டுக் குப்பையை அவர் வாசலில் கொட்டுதலே ஆகும்.

திரட்டும் முறை

பள்ளியிலோ தோட்டத்துக் கோயிலிலோ மன்றத்திலோ உடை திரட்ட முற்படுவோர் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம்.

1. முதலில் கேட்டறிதல் வேண்டும். துயருற்ற நாட்டின் தூதரகம், மலேசியச் செம்பிறைச் சங்கம், மெர்சி மலேசியா போன்ற அமைப்புகள் எவற்றைக் கேட்கின்றன, எந்நாள்வரை பெற்றுக்கொள்கின்றன என்பதை அறிந்த பின்னரே அறிக்கை அனுப்புதல் வேண்டும். புதிய உடைகள் மட்டுமே வேண்டும் என்று கேட்டால், பழையவற்றை அனுப்பலாகாது.

2. துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். சிறிதளவு ஈரமிருப்பினும் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடித்து, உடனிருக்கும் நல்ல துணிகளையும் கெடுத்துவிடும்.

3. பொத்தான், ஜிப், தையல் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். பொத்தான் இல்லாத மேற்சட்டை பனிக்காற்றைத் தடுக்காது. மேல் வகுப்பு மாணவர் ஊசியும் நூலும் கொண்டு இப்பணியைச் செய்யலாம்.

4. வகை பிரித்தல் வேண்டும். ஆண், பெண், குழந்தை என்றும், அளவு வாரியாகவும் பிரித்துத் தனித்தனிப் பெட்டிகளில் அடுக்குதல் வேண்டும். காலுறைகளையும் கையுறைகளையும் இணை இணையாகக் கட்டுதல் வேண்டும். இணையற்ற ஒற்றைக் காலுறையால் யாருக்கு என்ன பயன்?

5. பெட்டியின் வெளியே உள்ளிருப்பவற்றின் பெயர், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுதல் வேண்டும். பனியில் நின்று பெட்டி பெட்டியாகத் திறந்து தேட அங்குள்ளோருக்கு நேரமில்லை. நாம் இங்கு ஒரு பிற்பகல் செலவிட்டால், அவர்களுக்கு ஒரு பகல் மிச்சமாகும்.

பணமா, உடையா?

நம் வீடுகளில் கம்பளி உடைகள் மிகுதியாக இல்லை. ‘அப்படியானால் நம்மால் என்ன இயலும்?’ என்று தோட்டப்புறப் பெற்றோர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணி மனம் தளர வேண்டுவதில்லை. துருக்கி உலகிற்கே உடை தைத்து அனுப்பும் நாடுகளுள் ஒன்றாகும். நிலநடுக்கம் தாக்காத அந்நாட்டு ஊர்களில் கடைகளும் ஆலைகளும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. நம்பத்தகுந்த அமைப்பொன்றின் வழி அனுப்பப்படும் சிறு தொகை, விமானச் செலவின்றி, அருகிலேயே பொருத்தமான அளவில் புதிய உடையாக மாறிவிடும். ஒரு லயத்தில் வாழும் பத்துக் குடும்பத்தார் ஆளுக்குச் சில ரிங்கிட் சேர்த்தால், ஒரு குழந்தைக்குப் போர்வை கிடைக்கும். எத்தனை மூட்டைகள் அனுப்பினோம் என்பதில் பெருமையில்லை. எத்தனை பேர் அதனால் குளிர் நீங்கினர் என்பதே கணக்கு.

நம் நாட்டிலும் தேவை உண்டு

பேரிடர் எங்கோ தொலைவில்தான் நிகழும் என்பதில்லை. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, நாடு முழுவதும் 200,000க்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேறினர். 2015ஆம் ஆண்டின் பள்ளித் தொடக்கமே ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களிலும் வெள்ளம் புகுந்தது. கூரைமேல் ஏறி இரவு முழுவதும் மழையில் நனைந்தோர் வெப்ப நாட்டிலும் குளிரால் நடுங்கினர்.

இங்கே தேவைப்படுவன வேறு. கனத்த மேற்சட்டையால் பயனில்லை. உலர்ந்த சட்டை, கைலி, துவாலை, மெல்லிய போர்வை, குழந்தைகளுக்கு அணையாடை, புதிய உள்ளாடை, பள்ளிச் சீருடை ஆகியவையே முதன்மையானவை. உள்ளாடையைக் கேட்க நாணிப் பலர் வாய்திறவாது இருப்பர். அவர் கேளாமலே நாம் உணர்ந்து தருதல் வேண்டும். பள்ளிச் சீருடை மீண்டும் கிடைக்கப்பெற்ற சிறுவன், தன் வாழ்வும் மீண்டும் தொடங்குகின்றது என்னும் நம்பிக்கையைப் பெறுவான்.

மாணவ மணிகளே! அடுத்த முறை பள்ளியில் உடை திரட்டும் அறிக்கை வரும்போது, அலமாரியின் அடியில் கிடப்பதை அள்ளி வராதீர்கள். ஒவ்வோர் உடையையும் கையிலெடுத்து, ‘இதை என் தம்பி அணிவானா? என் பாட்டி போர்த்திக்கொள்வாரா?’ என்று கேளுங்கள். ஆம் என்று உள்ளம் சொன்னால், துவைத்து மடித்துக் கொண்டுவாருங்கள். இல்லை என்று சொன்னால், அதை வீட்டில் தரை துடைக்க வைத்துக்கொண்டு, உண்டியலில் ஐம்பது காசு போடுங்கள். அறிந்து செய்யும் உதவி, அளவில் சிறிதாயினும் உரிய வேளையில் ஓர் உயிரைக் காக்கும்.