போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு?



எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் ரிச்சி தெருவில் வாங்கிய மல்ட்டிமீட்டர் ஒன்று இருக்கும். கம்பி அறுந்திருக்கிறதா, மின்தடை எவ்வளவு என்று அது சொல்லிவிடும். ஆனால் வைஃபை ஆன்டெனா சரியாக உள்ளதா என்று அதனால் சொல்ல முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். அங்கே இரண்டு சென்டிமீட்டர் கம்பி கூடினாலும் அளவு மாறிவிடும்.

இதற்கான கருவிதான் வெக்டர் நெட்வொர்க் அனலைசர். இரவில் விளக்கு எரியும் அறையின் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள்: நம் முகமும் தெரியும், தெருவும் தெரியும். ஒளியில் ஒரு பங்கு திரும்புகிறது, மறு பங்கு கடந்து செல்கிறது. இக்கருவியும் ஒரு சிக்னலை அனுப்பி, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு மறுபக்கம் போனது என்று அளக்கிறது. அலையின் கட்டத்தையும் சேர்த்து அளப்பதால் ‘வெக்டர்’ என்ற பெயர். திரும்பியது மைனஸ் 10 டெசிபல் என்றால் அனுப்பிய திறனில் 10 சதவீதம் திரும்பிவிட்டது. மைனஸ் 20 என்றால் 1 சதவீதம்.

முதல் பாடம்: தி.நகர் நகைக்கடையில் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நகையை வைப்பார்கள். இங்கும் அப்படியே. கேபிள் முனையில் ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டி, கருவியைத் திருத்த வேண்டும். இல்லையென்றால் கேபிளின் குறை ஆன்டெனாவின் கணக்கில் சேர்ந்துவிடும். கேபிளையோ அலைவெண் எல்லையையோ மாற்றினால் மறுபடியும் திருத்த வேண்டும்.

இரண்டாம் பாடம்: எதுவும் திரும்பவில்லை என்பதால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. 50 ஓம் லோடும் எதையும் திருப்பி அனுப்பாது. உள்ளே போனதையெல்லாம் வெப்பமாக்கிவிடும், எதையும் ஒலிபரப்பாது.

நமக்கு அருகில், தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இத்தகைய அளவீடுகள் நடக்கும் இடம். ஆய்வகக் கருவிகள் பல லட்சம் ரூபாய். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் நானோ வி.என்.ஏ. சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. அதன் ஆரம்ப வகைகள் 2.4 கிகாஹெர்ட்ஸை எட்டாது. அலைவெண் எல்லையைப் பார்த்து வாங்குங்கள். மூன்று நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஸ்மித் வரைபடம் திரையில் அசைவதைக் கண்டால், இன்ஷா அல்லாஹ், பாடம் கைத்தொழிலாகும்.