கழுதையிடம் படித்த குதிரை

வண்ணாத்திவில்லில் கஜுத் தோட்டம் உண்டு, வில்பத்துக் காட்டு யானை உண்டு, குதிரை மட்டும் இல்லை. வடக்கே கடலோரம் நிற்கும் குதிரைமலையில்கூடப் பெயரோடு சரி. இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, வாத்தியார் வேலையில் பென்ஷன் எடுத்த பிறகு, குதிரைப் படம் வரைந்து பிழைக்கிறேன்.

குதிரை இல்லாவிட்டால் கழுதை போதும். புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கமும் வீதியில் அலையும் கழுதைகள்தான் எனக்கு வாத்தியார். எலும்புக் கட்டு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்னங்காலில் முழங்கால் என்று நாம் நினைக்கிற மூட்டு உண்மையில் குதிகால். முழங்கால் மேலே, வயிற்றோரம் ஒளிந்திருக்கிறது. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் செத்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தோலுரித்து, தசை தசையாக வரைந்து 1766இல் நூலாக வெளியிட்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம். மத்தியான வெயிலில் கழுதை அசையாது, அந்த நேரம் பென்சிலை எடுங்கள்.

உயிரோடு குதிரை பார்க்கக் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகலாம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாக மேய்கின்றன. ஆனால் அவற்றைப் படமாக்கிக் கேட்க ஆளில்லை. ஓடர் கிடைப்பது நுவரெலியாவில், ஏப்ரல் ரேஸ் காலத்தில்.

குதிரையின் சொந்தக்காரர் படத்தில் அழகைத் தேடமாட்டார். நெற்றிச் சுழி எங்கே, வெள்ளைச் சுட்டி எந்தக் கண் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் வெள்ளை என்றுதான் கண் ஓடும். ரேஸ் குதிரையின் அடையாளப் பத்திரத்திலும் இவற்றைத்தான் குறிப்பார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் முதல் படத்தை வைத்துத் தொடங்க வேண்டாம். கிட்ட நின்று போனில் எடுத்தால் மூக்கு வீங்கி, பின்பக்கம் சூம்பிவிடும். இருபது முப்பது அடி தள்ளி நின்று, குதிரையின் தோள் உயரத்தில் போனைப் பிடித்து, சூம் பண்ணி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கண்மணி கிடையாக நீண்டது. வட்டமாகப் போட்டால் மனுசன் முழிப்பான்.

ஓடும் குதிரையை முன்னும் பின்னும் கால் நீட்டிப் பறக்கவிடுவது பழைய ஓவியர்களின் பழக்கம். 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களில், நான்கு காலும் தரையை விடுவது அவை வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் என்று தெரிந்தது. ஆனாலும் சிலர் அந்தப் பழைய பாய்ச்சலைத்தான் கேட்பார்கள். நான் வரைந்து கொடுப்பதில்லை.

கறுப்புக் குதிரைக்குக் கறுப்பு டியூபை மட்டும் பிதுக்காதீர்கள். முதுகில் வானத்து நீலம் விழும், வயிற்றில் நிலத்தின் நிறம் ஏறும். புல்லென்றால் பச்சை, எங்கள் மண்ணென்றால் செம்மை.

களப்புக் காற்றில் தாள் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடுங்கள்.

மூக்குக்கண்ணாடி, தூரத்துக்கு ஒன்றும் கிட்டத்துக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். பைபோக்கல் போட்டுப் பார்த்தால் குதிரையின் கழுத்து நடுவில் முறிந்து நிற்கும்.

விலையைப் படத்தின் அளவுக்குச் சொல்லுங்கள், மணிக்கணக்குக்கு அல்ல. பென்சில் கோட்டைக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பாதிக் காசு கைக்கு வராமல் தூரிகை நனையக் கூடாது. வயதான வாத்தியாரிடம் "பிறகு தாரேன் சேர்" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வருகிறது.