முதியோர் இல்லத்துத் தண்ணீரில் லெஜியோனெல்லா

நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி, 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான தேங்கிய நீரில் பெருகும். குளிர்நீரை 20 பாகைக்குக் கீழே வைப்பது பொது விதி. இலங்கையின் கண்டி போன்ற வெப்பமான ஊர்களின் கூரைத் தாங்கிகளில் அது நடவாது. ஆகவே தாங்கியை இறுக மூடி, நிழலமைத்து, அடிச்சேற்றை அகற்றி, குளோரின் குறையாமல் பார்க்க வேண்டும்.

சூரிய வெப்பச் சுடுநீர்க் கலன் மழைநாளில் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அதுவே மிக ஆபத்தான நிலை. மின்சாரத்தால் 60 பாகைக்கு ஏற்ற வேண்டும். முதியவரின் தோல் வெந்துபோகாமலிருக்கக் குழாயருகே கலப்பு வால்வு அவசியம்.

ஆளில்லாத அறைக் குழாய்களையும் ஷவரையும் வாரந்தோறும் சில நிமிடம், தெறிக்காதபடி திறந்துவிட வேண்டும். நுண்துளிகளைச் சுவாசிப்பதாலேயே இந்நோய் பெரும்பாலும் தொற்றுகிறது.