மரவள்ளி மாவுப்பூச்சியும் வயற்கணக்கும்

சேந்தமங்கலம் சுற்றுப்புறத்தில் மரவள்ளி ஒரு பிரதானமான பணப்பயிராகும். இதன் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. ஏறக்குறைய பத்து மாதங்கள் நிலத்தில் நிற்கும் இப்பயிருக்குச் சேதம் நேரிட்டால் குடியானவரின் ஓராண்டு வருமானம் குன்றும். ஆகையால், பூச்சியை ஒடுக்கக் கையாளும் முறை பலன் தருகிறதா என்று அவ்வப்போது கணக்கிட்டு அறிதல் அவசியம்.

பூச்சியும் அதன் சத்துருவும்

தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் புகுந்து பெருஞ்சேதம் விளைவித்தது. 1981-இல் பராகுவே தேசத்தில் இதன் சத்துருவான ஒரு சிறு குளவி கண்டுபிடிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே நைஜீரியாவில் விடப்பட்டது. இவ்வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெர்ரன் என்பவர் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இந்தியாவில் இப்பூச்சி 2020-இல் கேரளத்தில் காணப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவிற்று. பெனின் தேசத்திலிருந்து தருவிக்கப்பட்ட குளவி, பரிசோதனைக்குப்பின் 2022 மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து தோன்றும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி பழுப்பு நிறக் கூடாக மாறும்.

கணக்கெடுக்கும் முறை

எத்தனை குளவிகள் விடப்பட்டன என்பது செய்த வேலையின் கணக்கேயன்றிப் பலனின் கணக்கு ஆகாது. பலனை வயலில்தான் காணவேண்டும். குளவி விடுமுன் வயலில் ஐந்து இடங்களில், இடத்திற்கு நான்காக இருபது செடிகளைக் குறித்துக்கொள்க. புதிதாகத் துளிர்த்த குருத்துகளில் எத்தனை சுருண்டுள்ளன என்று எழுதுக. முன்னமே சுருண்ட குருத்து மீண்டும் நிமிராது. அதை எண்ணினால் கணக்குப் பிசகும். பின்னர் நூறு பூச்சிகளைப் பார்த்து, அவற்றில் பழுப்புக் கூடுகள் எத்தனை என்று குறிக்க. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இவ்வாறே செய்க. பெய்த மழையையும் தெளித்த மருந்தையும் தேதியுடன் எழுதுக.

தீர்மானித்தல்

உதாரணமாக, இருபது செடிகளில் பதினான்கு சுருண்டிருந்து, மூன்று வாரங்களுக்குப்பின் பதின்மூன்றாக மட்டும் குறைந்ததென்று கொள்வோம். குருத்தை மட்டும் பார்ப்பவர் குளவி பயனற்றதென்பார். ஆனால் நூற்றுக்கு ஐந்தாயிருந்த கூடுகள் முப்பதாகியிருப்பின் குளவி வேலை செய்கிறது. அச்சமயம் மருந்து தெளித்தால் குளவியும் மடியும். ஆகவே பொறுத்திருத்தலே நலம்.

இதற்கு மாறாக, பலத்த மழைக்குப்பின் பூச்சி குறைந்து, கூடு ஒன்றுமே காணாவிடில், அக்குறைவு மழையினால் நேர்ந்ததாகலாம். குளவி விடாத தூரத்து வயலொன்றிலும் கணக்கெடுத்தால் இவ்வேறுபாடு விளங்கும். அவ்வயலிலும் கூடுகள் தோன்றினால் குளவி தானாகவே அங்குப் பரவியதென அறிக.

கூடுகள் பெருகாவிடில் காரணத்தை ஆராய்க. அடுத்த வயலில் மருந்து தெளிக்கப்பட்டதா? எறும்புகள் பூச்சியைக் காக்கின்றனவா? வந்திருப்பது 2008-இல் கோயமுத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியா? அதற்கு வேறு குளவி வேண்டும். காரணம் தெரிந்தபின்னரே மீண்டும் குளவி விடுவதா, முறையை மாற்றுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

பலன் கிட்டாத வயலின் கணக்கை மறைத்தலும், நல்ல வயல்களை மட்டும் மேலதிகாரிகளுக்குக் காட்டுதலும் கூடா. குறையைக் காட்டும் கணக்கே அடுத்த போகத்திற்கு வழிகாட்டும். பூச்சி கண்ட வயலின் விதைக்குச்சிகளைப் பிற கிராமங்களுக்கு அனுப்பாதிருக்கவும் அக்கணக்கு உதவும். ஒரு நோட்டும் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அரைமணி நேரமும் இதற்குப் போதும்.