மடியைக் கட்டிப்போட்டு மேடையேற்றாதீர்கள்

பக்ரீத்துக்கு முந்தின வாரம் பெங்களூர் டேனரி ரோடு பக்கம் போனால், ஆட்டை எப்படிப் பார்ப்பது என்று ஆளாளுக்குப் பாடம் எடுப்பார்கள். முதுகில் கைவைத்து அழுத்துவார்கள். தூக்கிப் பார்த்து எடை சொல்வார்கள். காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கம் நாலைந்து பால் ஆடு வைத்திருப்பவர்கள் முதல்முறை கண்காட்சிக்குக் கிளம்பும்போதும் அதே கண்தான். கொட்டிலில் எது கொழுத்திருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு போகிறார்கள். கறிக்கு அது சரி. பால் ஆட்டுக்குக் கொழுப்பு ஒரு குறை.

தின்ற தீனி பாலாகப் போயிருந்தால் ஆடு சற்று ஒட்டினாற்போலத்தான் இருக்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும். கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். வயிறு மட்டும் அகலமாக இருக்கும். அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கத்தின் மதிப்பெண் அட்டையில் கறவை ஆட்டுக்கான 100 மதிப்பெண்ணில் 35 மடிக்கே போகிறது. நம்மூர் நடுவர் அந்த அட்டையைக் கையில் வைத்திருக்க மாட்டார். ஆனாலும் பால் ஆடு என்றால் அவர் கையும் மடிக்குத்தான் முதலில் போகும். அதனால் குட்டி போட்டு ஒன்றிரண்டு மாதமான, நன்றாகக் கறக்கிற ஆட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கேதான் ஒரு கெட்ட பழக்கம். மடி பெரிதாகத் தெரியட்டும் என்று முந்தின நாள் மாலையிலிருந்தே கறக்காமல் விட்டுவிடுவது. பால் கட்டிய மடி விறைத்துப் பளபளக்கும். ஆடு பின்காலை அகட்டி அகட்டி நடக்கும். வலியில் நடக்கிறது என்பது அனுபவப்பட்டவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மடிநோய்க்கும் இதுவே வழி. கண்காட்சி அன்று காலையிலும் வழக்கமான நேரத்தில் கறந்துவிடுங்கள். முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தால் அந்த ஆடு வீட்டிலேயே இருக்கட்டும். கறந்தபின் மடி வற்றிய தோல்பைபோலச் சுருங்க வேண்டும். கறந்த பிறகும் கனமாகவே இருந்தால் அது சதை மடி, பால் மடி அல்ல.

இன்னொன்று நடை. சந்தில் அவிழ்த்துவிட்டு வளர்த்த ஆடு கயிறு பிடித்தால் படுத்துக்கொள்ளும். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்ச நேரம் கழுத்துப்பட்டை போட்டு நடத்துங்கள்; நாலு காலையும் ஊன்றி அசையாமல் நிற்கப் பழக்குங்கள்; அந்நியர் வாயைத் திறந்து பல் பார்க்க விடட்டும். வயதைப் பல்தான் சொல்லும், நீங்கள் கூட்டிக் குறைத்துச் சொல்லிப் பயனில்லை. இனமும் அப்படியே. கிளிமூக்கும் தொங்குகாதும் பின்தொடையில் அடர்ந்த முடியும் இல்லாத ஆட்டை ஜமுனாபாரி என்று எழுதிக்கொடுக்காதீர்கள். கலப்பினம் என்றால் கலப்பினம், அதில் வெட்கமில்லை.

குளம்பைப் பத்து நாள் முன்பே சீவிவிடுங்கள். கடைசி நாளில் சீவி ஆழமாக வெட்டிவிட்டால் நொண்டும். புறப்படும் அன்று தெம்புக்காக என்று அரிசிச் சோறோ மக்காச்சோளமோ கூடுதலாகப் போட்டால் வயிறு உப்பி, மேடைக்குப் பதில் மருத்துவரிடம்தான் போவீர்கள். வழக்கமான தழையையே கட்டி எடுத்துப் போங்கள்.

பெங்களூருக்காரர்களுக்கு நவம்பர் வாக்கில் வேளாண் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே.யில் நடக்கும் கிருஷி மேளா பக்கத்தில் இருக்கிறது. ஆட்டைக் கொண்டுவரலாமா, போட்டி உண்டா, வெறும் காட்சிதானா, என்ன சான்று வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் வருடம் ஆடில்லாமல் போய் வேடிக்கை பார்த்து வருவது இன்னும் நல்லது என்பது என் கட்சி.

ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடாமல் மட்டும் எங்கும் கிளம்பாதீர்கள். அந்த ஊசிமருந்து ஹெப்பாலிலுள்ள அரசு நிறுவனத்திலேயே தயாராகிறது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர நாளாகும் என்பதால் குறைந்தது மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பரிசோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும், திரும்பிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மற்ற ஆடுகளைக் கறந்து முடித்த பிறகே அதைக் கறக்கப் போங்கள்.