வெள்ளி ரூபாயை அறிவது எப்படி?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, இருங்காட்டுக்கோட்டை)

நம் கொள்ளுப்பாட்டியர் காலத்தில் ரூபாய் என்பது வெறும் பணம் அன்று. அது ஓர் எடைக்கல்லுமாகும். ஒரு ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தராசின் ஒரு தட்டில் ரூபாயை வைத்து மறு தட்டில் பொன்னை நிறுத்ததாக முதியோர் இன்றும் கூறக் கேட்கிறோம். இந்த எடைதான் பின்னால் நமக்கு உதவப் போகிறது. ஆகவே, தோழியரே, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரூபாய் எதுவாயினும் 'வெள்ளி ரூபாய்' என்றே நம் வீடுகளில் சொல்கிறார்கள். அவற்றை வாங்குவதற்கென்றே சிலர் இரு சக்கர வண்டியில் எங்கள் தெருவுக்கு வருவதுண்டு. எல்லாவற்றிற்கும் ஒரே விலை என்பார்கள். ஆனால் எல்லாம் ஒரே உலோகமா? இல்லவே இல்லை!

1835 முதல் 1939 வரை அச்சிடப்பட்ட ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; எஞ்சியது செம்பு. விக்டோரியா அரசியார், ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோர் உருவம் தாங்கியவை இவ்வகையே. (1911-ஆம் ஆண்டு ரூபாயில் மன்னர் அங்கியின் மீதிருந்த யானை பார்ப்பதற்குப் பன்றிபோல் இருந்ததால் மக்கள் சினந்தனர், மறு ஆண்டே படத்தைத் திருத்தினர்.) இரண்டாம் உலகப் போர் வந்தது, வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு. 1947-ஆம் ஆண்டு ரூபாயிலோ வெள்ளியே இல்லை, அது நிக்கல்! ஆக, ஒரே சுருக்குப் பையிலுள்ள மூன்று காசுகளில் ஒன்றில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி, ஒன்றில் 5.8 கிராம், மற்றொன்றில் ஒன்றுமில்லை என்று இருக்கக்கூடும்.

அப்படியானால் ஆண்டைப் படித்தால் போதுமே என்பீர்கள். போதாது. போலி செய்பவனும் ஆண்டைப் பொறிக்கத்தானே செய்வான்?

காந்தத்தைக் காட்டிப் பார்ப்பது எளிய வழி. நிக்கலும் இரும்பும் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது. பித்தளையும் ஒட்டாது, 'ஜெர்மன் சில்வர்' என்னும் கலப்பு உலோகமும் ஒட்டாது. பின்னதில் பெயரில்தான் வெள்ளி. உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகம். காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினால் வெள்ளி நீண்டு இனிமையாக ஒலிக்கும் என்பர். காது பழகியவர்க்கே அது பயன்படும்.

உறுதியான வழியை நமக்குக் கற்றுத் தந்தவர் ஆர்க்கிமிடிஸ். 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் முதலில் காசை நிறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் தராசு ஒரு சிறு எண்ணைக் காட்டும். அதுவே காசு ஒதுக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும்; விரலால் தடவி நீக்கிவிட வேண்டும்.

பழைய ரூபாய்க்கு 10.3, போர்க்கால ரூபாய்க்கு 9.5, நிக்கலுக்கு 8.9 வரவேண்டும்.

எங்கள் தெருப் பாட்டி ஒருவரிடம் சீராக வந்த ஐந்து ரூபாய்கள் இருந்தன. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்க எண்ணினார். ஒரு காசு காந்தத்தில் ஒட்டியதும், "என் மாமியார் என்னை ஏமாத்திட்டாங்களே!" என்று கலங்கிவிட்டார். எங்கள் அறிவியல் ஆசிரியை சகோதரியின் அனுமதி பெற்று ஐந்தையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்தோம். 1882-ஆம் ஆண்டுக் காசு 11.52 கிராம், ஒதுக்கிய நீர் 1.12, அடர்த்தி 10.29. தேய்மானத்தால் எடை குறைந்ததேயன்றி வெள்ளி நல்ல வெள்ளியே. 1907-க்கும் அவ்வாறே 10.34 வந்தது. 1944-க்கு 9.51. பாட்டியைக் கலங்க வைத்தது 1947-ஆம் ஆண்டுக் காசு, அடர்த்தி 8.89. அரசு வெளியிட்ட அசல் நாணயம்தான் அது! மாமியார் மீது பழியில்லை என்றதும் பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஐந்தாவதுதான் வியப்பு. 1917 என்று பொறித்து, பளபளவென்று, காந்தத்திலும் ஒட்டாமல் இருந்தது. எடையோ 10.20 கிராமே, ஒதுக்கிய நீர் 1.17. அடர்த்தி 8.72 என்றால் அதில் வெள்ளி மேல்பூச்சாக மட்டுமே இருக்கலாம். விளிம்பை உருப்பெருக்கியில் நோக்கியபோது மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தது. ஐந்தில் மிக அழகானது அதுவேதான்!

ஈயம் கலந்து அடர்த்தியை ஒப்பேற்ற முடியாதா என்று ஒரு தோழி கேட்டாள். முடியும். ஆனால் அப்படிப்பட்ட காசு மந்தமாக ஒலிக்கும். ஆகவே ஒரு சோதனையோடு நிற்கலாகாது. எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தந்தையர் எக்ஸ்-கதிரால் உலோகத்தை அறியும் கருவியைப் பற்றிச் சொல்வார்கள். நகைக்கடைகளிலும் அது உண்டு. நொடியில் விடை சொல்லும்; ஆயினும் மேற்பரப்பையே அது படிப்பதால், தடித்த பூச்சு அதையும் ஏய்க்கும். உரைகல்லில் தேய்த்தாலோ காசுக்கு வடு உண்டாகும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விற்குமுன் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது! காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுக்கிறது. நாணயம் சேர்ப்போர் அந்தக் கருமையை விரும்புகின்றனர். துலக்கிய காசுக்கு அவர்கள் தரும் விலை குறைவு. பாட்டி நல்லவேளையாகத் துலக்கவில்லை. 1882, 1907, 1944 மூன்றையும் தனித்தனி விலை பேசி விற்றார். 1947-ஐ மாமியார் நினைவாக வைத்துக்கொண்டார். போலிக் காசை எங்களுக்கே கொடுத்துவிட்டார். அது இப்போது ஆய்வுக்கூட அலமாரியில், ஒன்பதாம் வகுப்பினர் அடர்த்தி பாடத்திற்கு வரும்வரை காத்திருக்கிறது.