‘சில்க்’ எல்லாம் பட்டு அல்ல

கல்யாணப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் காந்தி சாலைக்கு வருகிறவர்கள் ‘சில்க்’ என்ற ஒரே சொல்லைப் பல அடைமொழிகளோடு கேட்கிறார்கள். அந்த அடைமொழிகளில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

நம்பிக்கை: ‘ஆர்ட் சில்க்’ என்றால் கலை வேலைப்பாடு மிகுந்த பட்டு.

உண்மை: அதில் பட்டு இழையே கிடையாது. இங்கே ‘ஆர்ட்’ என்பது ‘ஆர்ட்டிஃபீஷியல்’ என்பதன் சுருக்கம், அதாவது செயற்கை. பிரான்சின் ஷார்டோனே, தாவரங்களிலுள்ள செல்லுலோஸிலிருந்து இழை எடுத்து, 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அந்த வகை இழைகளைச் செயற்கைப் பட்டு என்றார்கள். அது பட்டல்ல என்பதால் 1924இல் அமெரிக்காவில் ‘ரேயான்’ என்று தனிப்பெயரே சூட்டினார்கள். நம் ஜவுளிக் கடைகளில் மட்டும் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலியெஸ்டர்கூட இன்று அதே பெயரில் விற்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் பட்டுப்புழுவோடு நிற்பதில்லை. சிலந்தியின் இழையும் சில்க், மக்காச்சோளக் கதிரின் நுனிக் குஞ்சமும் சில்க். இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞர் ‘சில்க் எடுத்தார்’ என்றால், மூத்த வழக்கறிஞர் என்ற பட்டம் பெற்றுப் பட்டு அங்கி அணியும் தகுதி பெற்றார் என்று பொருள். வழுவழுப்பான குரலையும் பேச்சையும்கூட இச்சொல்லால் வர்ணிப்பார்கள். பேச்சில் இதெல்லாம் அழகு. விலைச்சீட்டில் அப்படி விட முடியாது.

நம்பிக்கை: சாஃப்ட் சில்க், செமி சில்க், சில்க் காட்டன் எல்லாமே பட்டின் ரகங்கள்.

உண்மை: சில்க் காட்டன் பட்டும் பருத்தியும் கலந்து நெய்வது, பெயரிலேயே அது தெரிகிறது. சாஃப்ட் சில்க் எடை குறைந்த அசல் பட்டாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். கேட்டுத்தான் வாங்க வேண்டும். செமி சில்க் என்ற பெயர் எவ்வளவு பட்டு என்பதைச் சொல்வதே இல்லை. ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் தரும். ரேயான் காகிதம்போல எரியும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

நம்பிக்கை: சில்க் மார்க் இருந்தால் அது காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு.

உண்மை: மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்த அந்த முத்திரை, நூல் சுத்தமான பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. சேலை விசைத்தறியில் நெய்ததாக இருக்கலாம். ஜரிகை போலியாகவும் இருக்கலாம். கைத்தறிக்கு 2006 முதல் தனி முத்திரை உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என மூன்று ஓடும்; கைத்தறியில் அதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்குரிய பெயரை ஆலை இழைக்குக் கொடுப்பது நெசவாளியின் கூலியில் கைவைப்பதுதான். ஆகவே ரசீதில் வெறும் ‘சில்க்’ என்று எழுத விடாதீர்கள். சுத்தப் பட்டா, கைத்தறியா, ஜரிகை அசலா என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.